ஒத்திப் பணமும் ஒரு துண்டுத் தாளும்

கோரிப்பாளையத்தில் வீடு தேடி வருவோரிடம் தரகர் கேட்கும் முதற் கேள்வி, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதே. வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பத்தினர் இச்சொல்லைக் கேட்டுத் திகைப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சென்னையில் இதனைப் போக்கியம் என்றும், லீஸ் என்றும் வழங்குவர். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மாத வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிந்ததும் கொடுத்த தொகையை முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுவதே ஒத்தி. பணத்திற்கு வட்டியில்லை, வீட்டிற்கு வாடகையில்லை. கேட்பதற்கு இனிய ஏற்பாடுதான்.

வைகையின் வடகரையில் ஏ.வி. பாலத்தைக் கடந்து வருவோர் நம் பகுதியின் நெருக்கத்தை அறிவர். அரசு இராசாசி மருத்துவமனை ஒருபுறம், அமெரிக்கன் கல்லூரியும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும் ஒருபுறம், தர்காவிற்கு வரும் மக்கள் கூட்டம் மற்றொருபுறம். இங்கே வீட்டுக்காரர் என்றால் மாளிகைக்கு அதிபதி என்று எண்ணிவிடலாகாது. கீழ்த்தளத்தில் தாம் ஒடுங்கிக்கொண்டு, மாடியில் இரண்டு அறைகளைக் கட்டி, அதன் வருவாயில் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கும் முதியவர்களே பலர். குடித்தனக்காரர்களோ மருத்துவமனைகளிலும் கடைகளிலும் தறிகளிலும் உழைப்பவர்கள். இவ்விரு சாராரும் ஞாயிறு திருப்பலியில் அடுத்தடுத்த வரிசைகளில் அமர்கின்றனர். ஆகவேதான் இவர்களுடைய வழக்கு நம்முடைய வழக்காகவும் ஆகிவிடுகிறது.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒருநாள் மாலை, நம் பங்கைச் சேர்ந்த இருவர் நம்மைக் காண வந்தனர். ஒருவர் கணவரை இழந்த தாய். மாடி வீட்டிற்குச் சொந்தக்காரர். மற்றவர் ஒரு தனியார் மருத்துவமனையில் கடைநிலைப் பணி செய்யும் குடும்பத் தலைவர். மூன்று இலட்சம் ரூபாய்க்கு மூன்றாண்டு ஒத்தி பேசி முடித்து, நம் ஆசீரைப் பெறுவதற்காக வந்திருந்தனர். "பத்திரம் ஏதும் எழுதிக்கணுமா, சாமி?" என்று கேட்டவர் குடித்தனக்காரர். நாமோ சிரித்துக்கொண்டே, "ஒரே அன்பியத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குள் பத்திரம் எதற்கு? ஒரு தாளில் தொகையை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள், போதும்" என்றோம். அந்தத் தாளும் நம் மேசையிலிருந்து கிழித்துக் கொடுத்ததுதான்.

நாம் இவ்வாறு அறிவுரை வழங்கியதற்கு நான்கு மாதங்கள் முன்னரே, அதே ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், வாடகை உறவுகள் யாவும் எழுத்தில் அமைய வேண்டும் என்று கட்டளையிடும் புதிய சட்டம் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாம் அதனை அறிந்திருக்கவில்லை. அறிந்துகொள்ள முயன்றதுமில்லை.

இச்சட்டத்தின் பெருமையையும் குறையையும் உணர வேண்டுமானால், இதற்கு முன்னிருந்த நிலையைச் சற்று நோக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரங்களில் வீடு கிடைப்பது அரிதாகி, வாடகை ஏறிய வேளையில், அரசு அதற்கு வரம்பு கட்டத் தொடங்கியது. போர் முடிந்தும் வரம்பு நீங்கவில்லை. 1960ஆம் ஆண்டில் விரிவான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பல்லாண்டுகளாக நம் மதுரை மாநகரில் அதுவே ஆட்சி செய்தது. குடியிருப்போரோ வீட்டுக்காரரோ விண்ணப்பித்தால் நியாய வாடகை இன்னதென்று அதிகாரி வரையறுப்பார். 1973ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு குடியிருப்பு வீட்டிற்கும், 12 விழுக்காடு கடை போன்றவற்றிற்கும் நியாய வாடகை எனக் கணக்கிடப்பட்டது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும் அச்சட்டம் கூறிற்று. (அவ்விதியை மதித்த வீட்டுக்காரரை நாம் இதுவரை சந்தித்ததில்லை.) சட்டம் கூறும் காரணங்களின்றி எவரையும் வெளியேற்ற இயலாது. வாய்மொழியாகக் குடியேறியவருக்கும் இப்பாதுகாப்பு இருந்தது. அஃதாவது, கையில் தாள் இல்லாத ஏழைக்கும் சட்டமே தாளாக நின்றது.

ஆயின் அதே சட்டம் எளிய வீட்டுக்காரர்களை வாட்டியதும் உண்மையே. வெளியேற்றுமாறு தொடுத்த வழக்கு, தொடுத்தவர் மறைந்து அவர் மகன் காலத்திலும் முடியாத குடும்பங்களை நாம் அறிவோம். பம்பாய் நகரில் 1940ஆம் ஆண்டு வாடகையை அடிப்படையாகக் கொண்டு 1947ஆம் ஆண்டின் சட்டம் உறைய வைத்த வாடகையால், பழுதுபார்க்கப் பொருளின்றிக் கட்டடங்கள் சீரழிந்தன. காலத்திற்கொவ்வாத அவ்வாடகை வரம்பு நியாயமற்றதாகிவிட்டது என்று 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே கூற நேர்ந்தது. நியூயார்க் நகரத்தாரோ 1969ஆம் ஆண்டு வேறொரு வழி கண்டனர். வாடகையை உறைய வைக்காமல், எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஒரு குழு ஆண்டுதோறும் அறிவிக்கும் முறை அது. நமக்கும் அத்தகைய நடுவழி பொருந்தியிருக்கும் என்பது நம் கருத்து.

தமிழக அரசு அவ்வழியில் செல்லவில்லை. 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம், நியாய வாடகை என்னும் கருத்தையே கைவிட்டுவிட்டது. வாடகை இவ்வளவு என்பது இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம், அஃதாவது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரிடம், பதிந்து எண் பெற வேண்டும். இதற்கென அரசு இணையதளம் ஒன்றை அமைத்துள்ளது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது அரைமணி நேர வேலை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. காலி செய்த ஒரு மாதத்திற்குள் அதனைத் திருப்பித் தர வேண்டும். வாடகையை ஏற்ற விரும்புவோர் மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாடகையை வாங்க மறுத்தாலோ, ரசீது தர மறுத்தாலோ, இரண்டு மாதம் அஞ்சல் வழியாகவோ பிற வழியிலோ அனுப்பிப் பார்த்துவிட்டுப் பின் அதிகாரியிடமே செலுத்தலாம். குழாய்க்கு வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் கடமை, சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் கடமை என்பது வரை அதன் பட்டியல் இறங்கி வந்திருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தும் வெளியேறாதவர், முதலில் இரு மடங்கும் பின்னர் நான்கு மடங்கும் வாடகை கொடுக்க நேரிடும் என்பதையும் குடித்தனக்காரர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

முன்பு சட்டம் காத்தது. இன்று தாள்தான் காக்கிறது. இம்மாற்றத்தை நம் மக்களில் பெரும்பாலோர் இன்னும் உணரவில்லை. 2019 ஜூனில் நாமும் உணரவில்லை.

மாடி வீட்டுக் கதைக்கு மீள்வோம். மூன்றாண்டுக் கெடு 2022 ஜூனில் முடிந்தது. மகளுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டபடியால், குடித்தனக்காரர் தம் பணத்தைக் கேட்டார். பணம் இல்லை. அத்தாய் அதனை வீண் செலவு செய்துவிடவில்லை. மாடி கட்ட வாங்கியிருந்த கடனை அடைத்திருந்தார். ஒத்தியின் இயல்பே இதுதான்: புதிய ஒத்திக்காரர் வந்தால்தான் பழையவருக்குப் பணம். வந்து பார்த்தவர்களோ, வண்டி நிறுத்த இடமில்லை என்று திரும்பிச் சென்றனர். பணம் வராமல் வெளியேற இவர்களுக்குத் துணிவில்லை. இவர்கள் வெளியேறாமல் வாடகைக்கு விட அவருக்கு வழியில்லை. மாதங்கள் ஓடின. 2023 மார்ச்சில் நீரேற்றும் மோட்டார் நின்றது.

திருப்பலி முடிந்து, ஆலயத் தாழ்வாரத்தில் இரு வீட்டுப் பெண்களும் உரத்த குரலில் வழக்காடியதை மக்கள் கூடி நின்று பார்த்தனர். "நாலு மாசமா குடம் தூக்குறேன், சாமி. எங்க காசும் குடுக்கல, தண்ணியும் விடல" என்றார் ஒருவர். "கெடு முடிஞ்சு ஒன்பது மாசமா ஒத்தப் பைசா குடுக்காமத்தானே இருக்காங்க. மோட்டாருக்குக் கரண்டு பில்லு நாந்தானே கட்டுறேன்" என்றார் மற்றவர். நாலு மாதம் என்றது மிகை. ஆயினும் குடம் தூக்கியது மெய். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைப் புதிய சட்டம் தெளிவாகத் தடுக்கிறது; முறையிட்டால் உடனே திரும்ப வழங்குமாறு அதிகாரி இடைக்கால ஆணையிடலாம். அத்தாயிடம் இதனைச் சொன்னபோது, அவர் அன்று மாலையே மோட்டாரைப் போட்டுவிட்டார். பணத்தின் சிக்கல் அவ்வாறு தீரவில்லை.

நம் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒத்தி என்பது வாடகையாகவும் கருதப்படலாம், அனுபவ அடமானமாகவும் கருதப்படலாம்; எழுதியுள்ள வாசகத்தைப் பொறுத்தது அது. அடமானம் என்றால், 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அவ்வாறு பதிந்திருந்தால், பணம் வரும்வரை வீட்டைத் தம் வசம் வைத்திருக்கும் உரிமை குடித்தனக்காரருக்கு ஐயத்திற்கிடமின்றி இருந்திருக்கும். வாடகை என்றால், புதிய சட்டப்படி ஒப்பந்தமும் பதிவெண்ணும் வேண்டும். "இது ரெண்டுமே இல்லையே, ஃபாதர். பணம் வாங்கினதுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டார். நாம் சொன்னோம்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். திருச்சபையும் வீட்டுக்காரர்தான். 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டு, இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பொது சமய அறக்கட்டளைகளின் கட்டடங்களைப் பழைய வாடகைச் சட்டத்தினின்று விலக்கியது. உச்ச நீதிமன்றமும் அதனைச் செல்லும் என்று ஏற்றது. அற்ப வாடகையால் அறப்பணிகள் முடங்குகின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதில் நியாயம் உண்டு. ஆனால் நம் கடைகளில் இருந்தவருக்கு நியாய வாடகை கேட்கும் உரிமையும் அந்த ஆணையால் இல்லாமற் போயிற்று. இன்றைய சட்டத்திலும், அரசு அறிவிக்கும் சமய நிறுவனங்களுக்கு விலக்களிக்க இடமிருக்கிறது. வீடற்றோர் பற்றி 1987ஆம் ஆண்டு இறுதியில் நீதி, அமைதிக்கான திருப்பீட ஆணைக்குழு ஓர் ஏடு வெளியிட்டது. வீடற்ற சகோதரனுக்கு நீ செய்தது என்ன என்பது அதன் தலைப்பு. சட்டம் நம்மை விலக்கிவிட்ட இடத்தில் அக்கேள்வி நம்மை விலக்கவில்லை.

ஆலய மதிலையொட்டிப் பங்கிற்குச் சொந்தமான மூன்று கடைகள் உள்ளன: தையற்கடை, நகலெடுக்கும் கடை, தேநீர்க்கடை. மூன்றிற்கும் ஒரு வாடகை நோட்டைத் தவிர வேறு எழுத்தில்லை. பங்குப் பேரவையில் பேசி, விலக்கு இருப்பினும் இல்லாவிடினும், மூவருடனும் ஒப்பந்தம் எழுத முடிவு செய்தோம். தேநீர்க்கடைக்காரர் இரண்டு வாரம் நம் கண்ணில் படவேயில்லை. பின்னர் ஒருநாள் வந்து, "பத்திரம்னாலே காலி பண்ணச் சொல்லப் போறீங்கன்னுதான் அர்த்தம், சாமி. இருபது வருசமா வாய்ச் சொல்லுலதான இருக்கேன்" என்றார். எழுத்தைக் கேட்பதே நம்பிக்கையின்மை என்று நம் மக்கள் எண்ணுகின்றனர். நாமே அவ்வாறுதான் அவர்களுக்குக் கற்பித்து வந்தோம். எத்தனை ஆண்டுக்குக் கடை அவருடையது, ஆண்டுக்கு எவ்வளவு வாடகை ஏறும் என்பதை அவர் மகனைக் கொண்டே படிக்கச் செய்தபின், கையொப்பமிட்டார். நோட்டில் எழுதாமல் நாம் விட்டிருந்த முன்பணத் தொகையையும் அதில் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்ன தொகையைச் சரிபார்க்க நம்மிடம் கணக்கில்லை. அவர் சொன்னபடியே எழுதினோம்.

மாடி வீட்டார் 2023 டிசம்பரில் வேறு வீடு சென்றனர். புதிய வீட்டிற்கான முன்பணத்தில் ஒரு பகுதியைப் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து உதவினர். அத்தாய் சீட்டு எடுத்து 75,000 ரூபாய் கொடுத்தார். மாடியை இப்போது மாதம் 7,500 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒப்பந்தம் எழுதிப் பதிந்தாயிற்று. மூன்று மாத முன்பணத்தை எடுத்துப் பழைய கடனுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அது அடுத்தவர் பணம், வங்கியில் கிடக்கட்டும் என்று தடுத்துவிட்டோம். வரும் மாத வாடகை முழுவதையும் முப்பது தவணைகளில் பழைய குடித்தனக்காரரிடம் சேர்ப்பது என்பது ஏற்பாடு. 2024 ஜனவரியில் முதல் தவணை கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது உண்டு. ஒரு படி நம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது.

மகளின் திருமணம் 2023 மே மாதம், நகைகளை அடகு வைத்துப் பெற்ற கடனில் நடைபெற்றது. கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி அடகுக் கடைக்கு வட்டியாகவே போகிறது. அந்த வட்டியை யார் ஏற்பது என்று தந்தை கேட்டார். அத்தாய் தம்மால் இயலாது என்றார், அது மெய்தான். அவ்விருவரும் பின்னர் நம்மைப் பார்த்தனர். அவ்வட்டியில் ஒரு பகுதியை நம் சொந்தப் படியிலிருந்து மாதந்தோறும் கொடுத்து வருகிறோம். அதற்கும் ரசீது எழுதிக் கொடுக்குமாறு கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.