கோவாலாவும் அதன் மரங்களும்

ஆஸ்திரேலியாவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளிலுள்ள யூக்கலிப்டஸ் காடுகளில் வாழும் கோவாலாவைப் படத்திலேனும் கண்டிராத மாணவர் இன்று இலர் எனலாம். தமிழில் அதனைக் ‘கோவாலாக் கரடி’ என்று எழுதும் வழக்கம் இன்னும் மறையவில்லை. மொழிபெயர்ப்புப் பணியிலுள்ளவன் என்ற முறையில், கைக்கு வரும் படிகளில் அந்தக் ‘கரடி’யை நான் அடித்துவிடுவதுண்டு. அது கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் இனத்தது. கரடியோடு அதற்கு உறவில்லை. பெயரைத் திருத்துவது எளிது. அப்பிராணியின் முகத்தைக் கண்டு மகிழ்வதோடு நின்று, அது பற்றியிருக்கும் மரத்தைக் கவனியாதிருக்கும் மனப்பான்மையைத் திருத்துவதே கடினம். கோவாலாவைக் காப்பதென்பது அதற்குரிய மரங்களைக் காப்பதே. அவை எம்மரங்கள் என்பதைப் பொறுமையான கள ஆய்வன்றி வேறெதுவும் அறிவிக்க இயலாது என்பது என் துணிபு.

கோவாலா நாளின் பெரும்பகுதியை உறக்கத்தில் கழிப்பது. சாம்பல் நிற உடலுடன் உயர்ந்த கிளைக் கவட்டில் அசைவற்று அமர்ந்திருக்கையில், பழகிய கண்ணுக்கும் அது எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே களப் பணியாளர் மேலே நோக்குவதைவிடக் கீழே நோக்குவதே மிகுதி. மையமரம் ஒன்றையும் அதனை அடுத்துள்ளவற்றையும் சேர்த்து 30 மரங்களைக் கொண்டு, ஒவ்வொன்றின் அடியைச் சுற்றி 1 மீட்டர் தொலைவுக்குச் சருகை விலக்கி, புழுக்கைகள் கிடக்கின்றனவா என்று 2 நிமிடம் தேடுவது அங்கே வழங்கும் முறைகளுள் ஒன்று. எத்தனை மரங்களின் கீழ் அவை அகப்பட்டன என்ற விகிதமே, கோவாலாக்கள் அவ்விடத்தை எவ்வளவு பயன்படுத்துகின்றன என்பதற்கு அளவுகோல். மோப்ப நாய்களும், உடல் வெப்பத்தைக் காட்டும் காமிரா பொருத்திய ஆளில்லாச் சிறு விமானங்களும், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோவாலா எழுப்பும் உறுமலைப் பதிவு செய்யும் கருவிகளும் இன்று துணை நிற்கின்றன. எனினும், சருகைக் கிளறும் எளிய வேலையை இவை தேவையற்றதாக்கிவிடவில்லை.

இத்தகைய கூர்ந்த கவனிப்பு எதைத் தரும் என்பதற்கு, விக்டோரியா மாநிலத்துப் பிரெஞ்சுத் தீவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு தக்க சான்று. கடும் வெப்ப நாட்களில் கோவாலாக்கள் மரத்தில் தாழ இறங்கி, அடிமரத்தைத் தழுவிக் கிடந்தன. அடிமரம் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதை வெப்பக் காமிரா காட்டிற்று. அவற்றின் உணவு மரமல்லாத அக்கேசியா வகையொன்று ஏனையவற்றினும் குளிர்ந்திருக்க, வெயில் மிகுந்தபோது அதனையும் அவை நாடின. உணவு தரும் யூக்கலிப்டஸை மட்டும் கணக்கிட்டு விட்டுவைப்பவர் அந்த அக்கேசியாவைக் கோடரிக்குத் தந்திருப்பார் அன்றோ? கோவாலா நீர் அருந்துவதில்லை என்பதும் நெடுநாளைய நம்பிக்கை. மழையின்போது அடிமரத்தில் வழியும் நீரை அது நக்கிக் குடிப்பதை 2006 முதல் 2019 வரை கண்டு குறித்தோரின் பதிவுகள் 2020-இல் வெளியாயின. வகுப்பில் கோவாலாவைப் பற்றிப் பேசும் ஆசிரியர்கள் அதன் ‘சோம்பலை’ விடுத்து இச்செய்திகளைச் சொல்வார்களாக.

அன்பு மட்டும் போதாது என்பதற்கும் சான்றுகள் உள. காட்டுத் தீயில் தவிக்கும் கோவாலாவின் வாயில் புட்டி நீரைச் சரித்து ஊற்றினால், அது நுரையீரலுட் புகுந்து உயிருக்கே ஊறு செய்யலாம். கிண்ணத்தில் வைத்து விலகுக என்பதே கால்நடை மருத்துவர் கூற்று. கங்காரு தீவில் 1920-களில் கொண்டுவந்து விடப்பட்ட சில கோவாலாக்கள் பல்கிப் பெருகி மரங்களை மொட்டையாக்கவே, 1990-களில் கருத்தடை செய்ய நேர்ந்தது. பின்னர் 2019-20 தீயில் அவற்றுள் பெரும்பகுதி மாண்டன.

வட பகுதியின் நிலை வேறு. குயின்ஸ்லாந்தில் 1927-இல் தோலுக்காக வேட்டை அனுமதிக்கப்பட்டு, 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. வேட்டை ஒழிந்தும் காடழிப்பு ஒழியவில்லை. காடு துண்டுபட்டால் கோவாலா தரையில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே மோட்டார் வண்டியும் நாயும் காத்திருக்கின்றன. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகியவற்றின் கோவாலாக்கள் 2012-இல் ஆபத்துக்கு இலக்காகக்கூடியவை எனவும், 2022-இல் அழியும் ஆபத்திலுள்ளவை எனவும் பட்டியலிடப்பட்டன.

கிளமிடியா நோய்க்கான தடுப்பூசிக்கு 2025-இல் அனுமதி கிடைத்திருப்பது நற்செய்தியே. ஆயினும், ஊசி பெற்ற பிராணி திரும்பிச் செல்ல மரம் வேண்டும். அதனால், அதே ஆண்டு செப்டம்பரில் நியூ சவுத் வேல்ஸ் அரசு, 1,76,000 ஹெக்டேர் அரசுக் காடுகளைக் கோவாலாவுக்கான பெருந்தேசியப் பூங்காவில் சேர்ப்பதாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் நிறுத்திவைத்ததை இவ்வனைத்தினும் பெரிதாக மதிக்கிறேன். மரத் தொழிலாளர் சிலர் பிழைப்பை இழப்பர் என்னும் மறுப்பு நியாயமானது; அவர்களுக்கு உதவுவதை அரசு ஒரு சலுகையாகக் கருதாமல், பூங்காவின் செலவிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.