சான்றளிக்கும் சபைக்குத் தலைவர் யார்?

கத்தி பிடித்த மருத்துவரின் பெயரை நோயாளி அறிவான். வீடு திரும்பிய பின் ஊரெல்லாம் அவர் புகழைச் சொல்வான். தன்னை மயக்கத்தில் ஆழ்த்தி, அம்மயக்கத்திலிருந்து உயிரோடு எழுப்பியவர் எவரென்பதை அவன் அறியான். மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் கணந்தோறும் கண்காணித்து நின்ற அந்தக் கைகளுக்குத் தகுதி உண்டெனச் சான்று வழங்கிய சபை எது, அச்சபைக்குத் தலைவர் யார் என்று கேட்பவரோ மிக அரியர். அக்கராயன் கமக்காரரும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே நமது கருத்து.

மயக்க மருந்தின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1996இல் கிளிநொச்சி நகர் போர்க்களமானபோது நகர வைத்தியசாலை அக்கராயனுக்கு இடம்பெயர்ந்து இயங்கியதை மூத்தோர் மறந்திலர். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், மக்கள் முள்ளிவாய்க்காலை நோக்கி நெருக்கப்பட்ட நாட்களில், போதிய மயக்க மருந்தின்றி அங்கங்கள் அகற்றப்பட்ட கொடுமையையும் இம்மண் கண்டது. சத்திரசிகிச்சைப் பொருட்கள் உட்பட மருந்துகள் வன்னிக்கு மறுக்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் தனது அறிக்கையிற் பதிவு செய்தது. அன்று மருந்து வரும் வழி அடைபட்டுக் கிடந்தது. இன்று மருந்து வருகிறது. அதைக் கொடுக்கத் தகுதி பெற்றவர் வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில் இருக்கின்றனரா என்பதே கேள்வி.

அக்கராயனில் பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆயினும் பிள்ளைப்பேறு சிக்கலாகிச் சத்திரசிகிச்சையால் குழந்தையை எடுக்க வேண்டி வந்தால், தாயைக் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே கொண்டு செல்ல வேண்டும். 2024 மே மாதத்தில் கிளிநொச்சியில் மகளிர் நலத்துக்கென ஒரு சிறப்பு நிலையம் நெதர்லாந்தின் உதவியோடு அமைந்து திறக்கப்பட்டது. அதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் கட்டடம் எவரையும் மயக்கி எழுப்புவதில்லை. அதற்கு மனிதர் வேண்டும். கற்றுத் தேறிய மனிதர் வேண்டும்.

நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவரின் தொழில். மருத்துவப் பட்டம் பெற்று, பயிற்சி முடித்து, பட்டப்பின் படிப்பையும் கடந்து ஒருவர் நிபுணராவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் மருத்துவர் பலர் நாட்டை விட்டே சென்றுவிட்டனர். இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான சத்திரசிகிச்சையும் மயக்க மருந்துச் சேவையும் எட்டாத தொலைவில் உள்ளன என்று 2015இல் லான்செற் ஆணைக்குழு கூறியது. ஓர் இலட்சம் மக்களுக்குச் சத்திரசிகிச்சை, மயக்க மருந்து, மகப்பேறு ஆகிய துறைகளில் மொத்தம் 20 நிபுணராவது 2030க்குள் இருத்தல் வேண்டுமென்றும் அது இலக்கு வகுத்தது. எட்டாத தொலைவில் நிற்போருள் முதல் வரிசையில் நிற்பவர் நாட்டுப்புற மக்களே.

ஆகவே, தேர்ந்த தாதியரை இத்துறையில் ஏன் பயிற்றலாகாது என்ற கேள்வி எழுகிறது. சுவீடன், டென்மார்க், பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் தாதியர் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். அமெரிக்காவிலோ இது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கு. ஆயின் பயிற்சியைப் பற்றிப் பேசுமுன் சான்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாம் கூறுகிறோம். அமெரிக்கத் தாதியரின் வரலாறு நமக்கு இதைத்தான் கற்பிக்கிறது.

தாதியர் கட்டிய சபை

றொச்செஸ்ரர் நகரின் மேயோ மருத்துவர்களிடம் பணிபுரிந்த அலிஸ் மகோ என்னும் தாதி, 14,000க்கு மேற்பட்டோருக்கு மயக்கத்தால் ஓர் உயிரேனும் போகாமல் மயக்க மருந்து கொடுத்த விபரத்தை 1906இல் எழுதி வெளியிட்டார். திறமை இருந்தது, அதனை அளந்து உறுதி கூறும் சபை இருக்கவில்லை. இக்குறையைப் பற்றிக்கொண்டே எதிர்ப்பும் எழுந்தது. தாதி மயக்க மருந்து கொடுப்பது சட்டவிரோதமான மருத்துவத் தொழிலாகும் என்று டக்மார் நெல்சன் என்னும் தாதி மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. சத்திரசிகிச்சை மருத்துவரின் பணிப்பின் கீழ் அவர் செய்வது மருத்துவத் தொழிலாகாது என 1936இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தில் வென்றதோடு அத்தாதியர் மனநிறைவு கொண்டிலர். வழக்கில் வெல்வது வேறு, நோயாளியின் நம்பிக்கையை வெல்வது வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1931இல் அகத்தா ஹொட்ஜின்ஸ் தலைமையில் அமைந்த அவர்களது சங்கம், 1945 யூன் மாதத்தில் முதலாவது தகுதித் தேர்வை நடத்தியது. தம்மை அளக்கும் கோலைத் தாமே செய்து கொண்டனர் என்பது பெருமைக்குரியது.

அடுத்து அவர்கள் செய்ததே நமது கவனத்துக்குரியது. சங்கத்தின் கடமை தன் உறுப்பினரின் சம்பளத்தையும் உரிமையையும் காப்பது. சான்றளிக்கும் சபையின் கடமை கண்மூடிக் கிடக்கும் நோயாளியைக் காப்பது. இவ்விரு கடமைகளும் ஒரே ஆசனத்தில் அமருமாயின், நெருக்கடி வரும் நாளில் நோயாளியே தோற்பான். இதனை உணர்ந்தே 1975இல் தேர்வும் சான்றும் தன்னாட்சியுடைய தனிச் சபை ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. 2007இல் சான்றளிப்புக்கும் மறுசான்றளிப்புக்குமான தேசிய சபை, சங்கத்தினின்றும் முற்றாகப் பிரிந்த நிறுவனமாக அமைந்தது. அத்தொழிலைச் செய்வோரே அதனை நடத்துகின்றனர். பொதுமக்கள் பிரதிநிதிக்கும் அதில் ஆசனம் உண்டு.

அச்சபையின் தலைமை சோதனைக்கும் உள்ளானது. ஒருமுறை தேறியவர் ஆயுள் முழுதும் தேறியவராகார், அவரது அறிவைக் காலத்துக்குக் காலம் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று அது 2011இல் திட்டம் வகுத்தபோது, உறுப்பினரிடமிருந்தே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. சங்கத்தின் கையிற் சபை இருந்திருந்தால் திட்டம் அன்றே புதைக்கப்பட்டிருக்கும். தனிச் சபை ஆதலால் அது எதிர்ப்புக்குச் செவிகொடுத்துச் சோதனையின் வடிவை மாற்றியது. சோதிக்கும் கடமையைக் கைவிடவில்லை. புதிய திட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்தது. தலைமை என்பதன் பொருள் இதுவே.

அமைச்சரின் பேனாவும் தொழிலாரின் கோட்டையும்

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். 2021 சனவரியில் இலங்கை மருத்துவப் பேரவையின் தலைவரையும் உறுப்பினர் சிலரையும் சுகாதார அமைச்சர் நீக்கி, வேறொரு பேராசிரியரைத் தலைவராக்கினார். நீக்கப்பட்டவர் சரியா, நியமிக்கப்பட்டவர் சரியா என்ற வாதத்துள் நாம் நுழையவில்லை. ஒரு பேனாவின் அசைவிற் கவிழக்கூடிய ஆசனத்தில் இருப்பவர், அமைச்சருக்கு உவப்பில்லாத உண்மையை எவ்வாறு துணிந்து கூறுவார் என்பதே நமது கேள்வி.

அமைச்சர் வேண்டாம், தொழிலாரிடமே முற்றாக விட்டுவிடுவோம் என்பாரும் உளர். அவர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் நோக்குதல் நன்று. இந்திய மருத்துவக் கழகம் மருத்துவரின் கோட்டையாகவே விளங்கியது. 2010 ஏப்ரலில் அதன் தலைவர் கையூட்டுக் குற்றச்சாட்டின் பேரிற் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே அரசு அக்கழகத்தைக் கலைத்தது. 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்தைப் பெற்றது. வெளியார் கண் படாத கோட்டைக்குள் நீதி நெடுநாள் தங்குவதில்லை.

மூன்றாவது பாடம் பிரித்தானியாவினது. மருத்துவரல்லாத மயக்க மருந்து உதவியாளரைப் பதியும் பொறுப்பு அங்கு 2024 டிசெம்பரில் மருத்துவரைப் பதியும் பேரவையிடமே ஒப்படைக்கப்பட்டது. மருத்துவர் யார், உதவியாளர் யார் என நோயாளி மயங்குவார் என்று மருத்துவரிடையே பெருங் கிளர்ச்சி மூண்டது. 2025 யூலையில் பேராசிரியர் ஜில்லியன் லெங் தமது ஆய்வறிக்கையில், அவ்வுதவியாளரின் பதவிப் பெயரையே மாற்றுமாறு பரிந்துரைத்தார். பணியாளரை முதலில் நியமித்து, எல்லையையும் பெயரையும் பின்னர் தேடினால் விளைவது இதுவே. பிரித்தானிய வழியைக் கண்ணை மூடிப் பின்பற்றும் பழக்கமுடைய கொழும்பு, இதனைக் கண் திறந்து பார்க்குமாக.

துருசின் திறப்பு

இவை யாவும் தொலைநாட்டுக் கதைகள், நமக்கென்ன என்று கமக்காரர் கருத வேண்டியதில்லை. அக்கராயன்குளத்தின் துருசைத் திறக்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியை அவர்கள் நன்கறிவர். வயலையே கண்டிராத ஒருவரிடம் கொடுத்தால் கதிர் தள்ளும் வேளையில் தண்ணீர் வராது. தன் வயலுக்கே முதலிற் பாய்ச்சுபவரிடம் கொடுத்தால் வாய்க்காலின் கடைசியில் உள்ளவனின் பயிர் கருகும். வேளாண்மை தெரிந்தவராகவும், கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவராகவும் ஒருவர் வேண்டும். சிறுபோகக் கூட்டத்தில் இவ்வளவு நுட்பத்தோடு வாதிடும் நம்மவர், தம் மனைவி மக்களின் மூச்சைக் காக்கும் சபை பற்றி வாய் திறவாதிருப்பது தகுமா?

மருத்துவர் சிலர் கூறும் மறுப்பையும் நாம் புறக்கணிக்கவில்லை. மயக்கத்தில் கிடப்பவனின் மூச்சு நின்றால் சிந்திக்க நேரமில்லை. தாதியின் கல்வி மருத்துவரின் கல்விக்கு ஈடாகாது என்கின்றனர். இக்கூற்றில் உண்மை உண்டு. அதனாலேயே அரைகுறைப் பயிற்சியோடு எவரையும் நாட்டுப்புற வைத்தியசாலைக்கு அனுப்புவதை நாம் முழு மூச்சாக எதிர்ப்போம். நகருக்கு நிபுணர், நாட்டுப்புறத்துக்குக் குறைந்த தரம் என்ற ஏற்பாட்டை வன்னி ஏற்காது. ஆனால் நிபுணரும் வாரார், தாதியரும் பயிற்றப்படார் என்றால், தாய்மாரை நெடுவழி கொண்டு செல்வதே நியதி என்றாகிவிடும். அதனையும் நாம் ஏற்கோம். இவ்விரு தீமைகளுக்கும் இடையே நிற்கக்கூடியது கண்டிப்பான, நேர்மையான சான்றளிக்கும் சபை ஒன்றே.

இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டம் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. தாதியர் தமக்கெனப் பேரவை உடையோராதல் வேண்டும் என்ற கொள்கையை நாடு அன்றே ஏற்றுக்கொண்டது. மயக்க மருந்துப் பணியில் தாதியரைப் பயிற்ற நாடு முன்வரும் நாளில், அக்கொள்கை மேலும் ஓரடி முன்னே செல்லுதல் வேண்டும்.

நாம் கோருவன வருமாறு. சான்றளிக்கும் சபையின் தலைவர் அத்தொழிலைச் செய்து தேர்ந்தவராக இருத்தல் வேண்டும். பதவிக் காலத்தில் அவர் எத்தொழிற்சங்கத்திலும் பொறுப்பு வகித்தலாகாது. அவரது பதவிக் காலம் சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும். விசாரித்து நிறுவப்பட்ட குற்றமின்றி அவரை நீக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இருத்தலாகாது. மயக்க மருந்து மருத்துவ நிபுணர் சபையில் அமர்ந்து பாடத்தின் தரத்தைக் காக்க வேண்டும். பொதுமக்களுக்கும் ஆசனம் வேண்டும். அதில் ஒன்றேனும் மாவட்ட வைத்தியசாலைகளை நம்பி வாழும் நாட்டுப்புற மக்களுக்கு உரியதாதல் வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மயக்க மருந்து கொடுக்குமுன் நோயாளியிடம் கேட்க வேண்டியவை பல: கடைசியாக எப்போது உண்டீர், எம்மருந்தேனும் உடலுக்கு ஒவ்வாததுண்டா, இழுப்பு நோய் உண்டா, குடும்பத்தில் எவரேனும் மயக்க மருந்தால் துன்புற்றனரா? இவற்றுள் ஒன்றன் விடை தவறாக விளங்கினாலும் உயிர் போகலாம். 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே, தமிழ்ப் பகுதியில் பணியாற்ற இருப்பவர் இக்கேள்விகளைத் தமிழிற் கேட்டு, தமிழில் வரும் விடையை விளங்கிக்கொள்ள வல்லவரா என்பதையும் தேர்வு அளக்க வேண்டும். உரிமைக்காக மட்டும் இதை நாம் கேட்கவில்லை, உயிருக்காகக் கேட்கிறோம்.

நமது மருத்துவரும் தாதியரும் சட்டத்தரணிகளும் இக்கோரிக்கையை வடிவமைத்துத் தர வேண்டும். கமக்காரர் அமைப்புகள் அதனைத் தம் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். பாராளுமன்றத்தில் உள்ள நமது பிரதிநிதிகள், புதிய கட்டடங்களின் நாடா வெட்டும் வேளைகளில் மட்டும் வைத்தியசாலையை நினையாமல், இதனைச் சபையில் எழுப்ப வேண்டும்.

மயங்கிக் கிடப்பவன் தனக்காகப் பேச இயலாதவன். அவனுக்காக விழித்திருப்பதே சான்றளிக்கும் சபையின் கடமை. அச்சபை உறங்காமற் பார்த்துக்கொள்வது நமது கடமை.