891 சிங்கம்... ஆனால் ஒரே குடும்பம்!

2025 கணக்கெடுப்பில் குஜராத்தில் 891 சிங்கங்கள். 2020-ல் இது 674. அடேயப்பா என்று ஒரே கொண்டாட்டம்! ஆசியச் சிங்கம் பிழைத்துவிட்டதாம்.

சரி, தலையை எண்ணியாச்சு. மரபணுவை எண்ணினால் எவ்வளவு தேறும்?

வேட்டைக்காரர்கள் சுட்டுத் தள்ளியது போக, ஜூனாகத் நவாப் தயவில் கிர் காட்டில் மிஞ்சிய கொஞ்சம் சிங்கங்களின் வாரிசுகள்தான் இவ்வளவும். 1980-களில் ஸ்டீபன் ஓப்ரையன் குழுவினர் கிர் சிங்கங்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே கிட்டத்தட்ட இல்லை. விந்தணுக்களில் பாதிக்கும் மேல் ஊனம் வேறு. கடைக்குக் கிளைகள் கூடியிருக்கின்றன, போட்ட முதல் அதே பழைய முதல்தான். குட்டிகள் பெருகலாம், தொலைந்த மரபணு வகைகள் திரும்பி வராது.

ஃப்ளோரிடா பேந்தருக்கும் இதே கதிதான். 20, 30 என்று சுருங்கி, வளைந்த வாலும் இறங்காத விதைப்பையுமாக நின்றது. 1995-ல் டெக்ஸாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. கிர் சிங்கத்துக்குப் பெண் எடுக்க ஆசியாவில் வேறு ஊரே இல்லையே!

"அப்படியானால் மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்கு அனுப்பினால் மட்டும் புது மரபணு வந்துவிடுமா?" என்று கேட்பார்கள். வராது. ஆனால் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும்போது, ஒன்றை வீழ்த்துகிற கிருமி எல்லாவற்றையும் வீழ்த்தலாம். அதற்காகத்தான் இரண்டாவது வீடு. 1994-ல் செரங்கெட்டியில் டிஸ்டெம்பர் வைரஸ் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. அதே வைரஸ் 2018 செப்டம்பரில் கிர் தல்கானியா பகுதிக்கும் வந்தது, 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் காலி. பர்தாவுக்குத் தானாகவே பரவியிருக்கிறதே என்கிறார்கள். அதுவும் அதே சௌராஷ்டிரம்தானே ஐயா? அதே நாய்கள், அதே மாடுகள்.

2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்தில் குனோவுக்கு அனுப்பச் சொன்னது. "சிங்கம் எங்கள் குடும்ப உறுப்பினர்" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. (குடும்பம் என்பதுதானே பிரச்சினையே!) மாநிலப் பெருமை என்ற ஒன்றுக்காக ஓர் இனத்தையே பணயம் வைப்பதற்குப் பெயர் பாசமா?

குனோவில் சிங்கம் வரப்போகிறது என்று 24 கிராமத்து மக்கள் வீடு வாசலைக் காலி செய்துகொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து இறங்கின. பக்கத்து மாநிலத்துச் சிங்கம் ஒன்றுகூட இன்னும் வந்து சேரவில்லை.