மண்டபமும் மணற்றரையும்

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் பன்னிருவர் பொல்லடி ஆடுவதற்காக வெளியூர் மண்டபம் ஒன்றுக்குப் போயினர். பெரியமடுவில் வேப்பமர நிழலில், வெறும் மணலில் நின்று இரண்டு மாதம் பழகியவர்கள். மண்டபத்தின் தரையோ வழுவழுப்பான ஓடு. முதற்சுற்றிலேயே ஒருவன் கால் வழுக்கினான்; அவனைக் கண்டு அடுத்தவன் கோலை நிறுத்தினான். பொல்லடியில் கோலோடு கோல் மோதும் ஓசையே ஆட்டத்தின் உயிர். அவ்வோசையைத் தகரக்கூரை வாங்கி இரு மடங்காகத் திருப்பி எறிந்தது. எது தம் கோல், எது எதிரொலி என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரிசு போனது எனக்குப் பெரிதன்று. ஆடத் தெரிந்தவர்கள் ஆட முடியாமற் போனதே நெஞ்சை உறுத்திற்று.

வடமாகாணத்தில் அரங்கு பற்றிய பேச்சு இந்நாளில் மிகுதி. யாழ்ப்பாணத்தில், பொது நூலகத்தின் அயலிலே, இந்தியாவின் நன்கொடையாகக் கலாசார மண்டபம் ஒன்று எழுந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2023 பெப்ரவரியில் அது பொதுமக்களுக்கென ஒப்படைக்கப்பட்டது. அறுநூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கு, நூதனசாலை, பதினொரு மாடிக் கோபுரம் என யாவும் அங்கே உண்டு. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். உடனே, யாழ்ப்பாணம் என்னும் பெயர் எங்கே போயிற்று என்று பெரும் சர்ச்சை மூண்டது. சில நாட்களில் அப்பெயரும் முன்னே சேர்க்கப்பட்டது. ஊரின் பெயருக்காக வாதாடியவர்களை நான் குறை கூறேன். ஆயினும், அத்தனை அறிக்கைகளுக்கு நடுவே, அம்மேடையில் யார் ஆடுவது, எங்கிருந்து வந்து ஆடுவது என்ற வினாவை எழுப்பிய குரல் ஒன்றும் என் செவிக்கு எட்டவில்லை.

இவ்வினாவை நமக்கு முன்னரே எதிர்கொண்ட ஊர் ஒன்றுண்டு. சிங்கப்பூரில் 2002 ஒக்டோபரில் எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்டது. முட்கூரையைப் பார்த்து அவ்வூர் மக்கள் அதற்கு டுரியான் என்று பட்டப்பெயர் இட்டனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அமரும் நாடக அரங்கொன்று, அதனினும் சற்றுச் சிறிய இசையரங்கொன்று. ஆண்டுதோறும் அங்கே 'கலா உற்சவம்' நடைபெறுகிறது. நம்மவர் இசையும் ஆடலும் அதில் இடம் பெறுகின்றன. அங்கு நடைபெறும் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவற்றைக் கட்டணமின்றிக் காணலாம் என்பதையும் பாராட்டியே ஆகவேண்டும். ஆனால் முதலில் வரைந்த திட்டத்தில் நடுத்தர அளவான அரங்குகளும் இருந்தன. பெரியவை எழுந்தன, நடுத்தரமானவை ஏட்டிலேயே நின்றுவிட்டன. இரண்டாயிரம் இருக்கைகளை உள்ளூர் நாடகக்குழு எங்ஙனம் நிரப்பும்? அக்குறையைத் தீர்க்க ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது பேருக்கான புதிய அரங்கொன்று 2022 இலேதான் திறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து!

அதே நகரில், நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990 இல் பாழடைந்த மின்சார உபநிலையக் கட்டடம் ஒன்றைக் கலைக்கூடமாக்கினார். 'சப்ஸ்டேஷன்' என்பதே அதன் பெயர். சிறிய இடம், தவறிப்போகும் முயற்சிக்கும் அங்கே இடம் இருந்தது. நாட்டின் நாடகக்காரர் பலருக்கு அது பயிற்சிக்களமாயிற்று. 2021 இல் அந்நிறுவனம் அக்கட்டடத்தை விட்டு வெளியேற நேர்ந்தபோது கலைஞர்கள் வருந்தியதன் காரணம் இதுவே. பெருமண்டபம் விளைந்ததைக் காட்டும். விளைவிக்கும் வயல் வேறோரிடத்தில் இருக்கும்.

நம் மன்னாருக்கு வயல் இல்லாமல் இல்லை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரண்டு கூத்து மரபுகள் இம்மாவட்டத்திலே வழங்கி வந்துள்ளன. கத்தோலிக்க ஊர்களில் புனிதர் கதைகள் கோயில் வளவிலே மேடையேறின. பேசாலையில் திருப்பாடுகளின் காட்சி ஊரே கூடிச் செய்யும் காரியம். இளமையில் நான் கண்ட கூத்துமேடையை இன்றும் மறக்கவில்லை. பனங்குற்றிகள் நட்டு, வீட்டுக்கு வீடு இரவல் வாங்கிய பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். எந்தப் பலகை யார் வீட்டுக் கதவு என்பது பார்த்திருந்தவர்களுக்குத் தெரியும். அண்ணாவியார் ஏட்டைப் பார்த்துப் பாடலை எடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் தொடர, அரசன் வரவுக்கு மத்தளம் முழங்கும். பலகையில் விழும் மிதி அந்த மத்தளத்துக்கு மறுமொழி சொல்லும். இடையே குழந்தை அழும். தாய் எழுந்து போய்த் தேநீர் குடித்து வருவாள். அரசன் தன் தருவை இன்னொரு முறை பாடுவான். ஒருவருக்கும் அவசரம் இல்லை. விடியற்காலைக் குளிரிலேதான் முடிவு வரும். அந்த மேடைக்கு வாடகை இல்லை, கதவடைக்கும் காவலாளியும் இல்லை. மாதக்கணக்காக ஒத்திகை நடந்ததும் அதே வளவில், இளைஞர் தொழில் முடித்து வந்த இரவுகளில்.

மண்டபம் கூத்துக்குப் பகை என்று கூறுவோருடன் நான் சேரமாட்டேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்பு மரபிலான 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி, படித்தவர் முன் தலைநிமிர நிறுத்தினார். மன்னார் நாடக ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தவரும் அவரே. சுருக்குவது புதுமையும் அன்று. இரண்டு மூன்று இரவுகள் நீண்ட நாடகத்தை ஓரிரவுக்கு அடக்கி 'வாசகப்பா' என்று ஆடியவர்கள் நம் ஊரவர்களே. எனினும் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். வித்தியானந்தனார் சுருக்குவதற்கு ஊரிலே முழுக்கூத்து உயிரோடு இருந்தது. ஆட்டம் பழக்க அண்ணாவியாரும் இருந்தார். ஊரில் ஒத்திகைக் களம் ஓய்ந்துவிட்டால், நகர மண்டபத்தில் எதைச் சுருக்குவது?

பெரியமடுவின் நிலை இன்னும் ஒருபடி கடினமானது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் வெறுமையாயிற்று. புத்தளப் பக்கத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2009 இல் போர் முடிந்த பிறகுதான் குடும்பங்கள் சிறிது சிறிதாகத் திரும்பின. பொல்லடிப் பாட்டுகளில் எத்தனை மறந்து போயின என்று முதியவர் ஒருவரிடம் கேட்டேன். "பாட்டு மறக்கல்ல, மாஸ்டர். ஆடுறதுக்குப் பன்னிரண்டு பேர் ஒரு இடத்தில கிடைக்கல்ல" என்றார். அரங்கு என்பதற்கு இதனிலும் நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின்னர் யாழ்ப்பாணம் நமக்கு அண்மையில் வந்துவிட்டது உண்மையே. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு முடியும் நிகழ்ச்சியைக் கண்டு, பிள்ளைகளோடு எந்த வாகனத்தில் திரும்புவது? அறுநூறு இருக்கைகளில் ஒன்றுகூட எம்மவர்க்கு எட்டுவது அரிது. ஆகவே கலைக்கென அடுத்த முறை ஒதுக்கும் பணம் எங்கே போகவேண்டும் என்று அதிகாரத்தில் உள்ளோர் எண்ணிப் பார்க்கவேண்டும். மன்னாருக்கும் ஒரு பதினொரு மாடி வேண்டும் என்று எவரேனும் மேடையில் முழங்கினால் கைதட்டல் பலமாக இருக்கும். நான் கேட்பது மிகச் சிறியது. கூத்தும் பொல்லடியும் சீனடியும் இன்னும் நினைவில் உள்ள ஊர்களில் நாற்பதடி நீளத்தில் ஒரு மரப்பலகைத் தளம், பக்கச்சுவர் இல்லாத உயர்ந்த கூரை, நான்கு மின்விளக்கு. திறப்பு அவ்வூர் மன்றத்தின் கையில் இருக்கட்டும். எந்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற விதி மட்டும் வேண்டாம். யாழ்ப்பாணத்து மண்டபமும் ஆண்டுக்குச் சில நாட்களை இவ்வூர்க் குழுக்களுக்கென ஒதுக்கி, போக்குவரத்தும் தங்குமிடமும் தந்தால் அதன் பெயரைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசேன்.

இவ்வாண்டுப் பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். போன முறை வழுக்கியவனே இப்போது முன்கோல் பிடிக்கிறான். மரக்காலைக்காரர் ஒருவர் பழம் பலகைகள் சில தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாரிமழைக்கு முன் அவற்றை ஏற்றிவர உழவு இயந்திரம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.