வானம் பெரிது என்ற நம்பிக்கை

2025 ஜூலையில் கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில், ஸ்டைன்பாக் நகருக்கு அருகே, சிறிய பயிற்சி விமானங்கள் இரண்டு வானில் மோதி வீழ்ந்தன. புறப்படுவதையும் தரையிறங்குவதையும் பயின்றுகொண்டிருந்த மாணவ விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் விமானியாகும் கனவோடு கேரளத்திலிருந்து சென்றிருந்த இளைஞர்.

இத்தகைய செய்தியைப் படிக்கும் எவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பர். இத்தனை பரந்த வானில் இரண்டு சிறு விமானங்கள் எப்படி ஒன்றையொன்று தேடிச் சென்று மோதிக்கொள்ள முடியும்? இக்கேள்விக்குள்ளேயே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. வானம் பெரிது, விமானம் சிறிது, ஆகவே ஆபத்தும் சிறிது என்பதே அது. விமானிகள் மத்தியிலும் இதற்குப் ‘பெருவானக் கோட்பாடு’ என்று அரைக்கிண்டலாக ஒரு பெயர் உண்டு.

வானம் பெரிதுதான். ஆனால் விமானங்கள் அதில் சமமாகப் பரந்து நிற்பதில்லை. அவை ஓடுபாதைகளை நோக்கிக் குவிகின்றன. ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் காட்சிக்கினிய இடங்களையும் நாடிச் செல்கின்றன. சிறு விமானங்களின் வான்மோதல்களிற் பெரும்பாலானவை நல்ல பகல் வெளிச்சத்தில், தெளிவான காலநிலையில், விமானத்தளங்களின் அண்மையில், தாழ்வான உயரத்தில் நிகழ்கின்றன என்பதை விசாரணை அறிக்கைகள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. மேகமும் இருளும் சூழ்ந்த நேரத்தில் விமானி எச்சரிக்கையோடு இருக்கிறார். வானம் நிர்மலமாக இருக்கும் நாளிலேயே அவர் ஏமாறுகிறார்.

தனியார் சிறு விமானங்களின் உலகம் பெரும்பாலும் அமெரிக்காவைச் சார்ந்தது. அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமானத்தளங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் ஒருவர் எவரிடமும் அனுமதி கேளாமல் புறப்படலாம், இறங்கலாம். அங்கே உயிர்களைக் காக்கும் அடிப்படை விதி ‘பார், விலகு’ என்பதே. காலநிலை தெளிவாக இருக்கும்போது பிற விமானங்களைக் கண்ணாற் பார்த்து விலகிச் செல்வது ஒவ்வொரு விமானியினதும் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது.

இவ்விதியின் போதாமை 1956 ஜூன் 30 இலேயே வெளிப்பட்டுவிட்டது. அன்று கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேலே, ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில், இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். அமெரிக்க நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 1958 இல் நாடு முழுவதற்குமான வான்போக்குவரத்து நிர்வாகம் உருவாயிற்று. பெரிய விமானங்கள் படிப்படியாக ராடரின் கண்காணிப்புக்குள் வந்தன. சிறு விமானங்களோ பெருமளவில் பழைய விதியின் கீழேயே விடப்பட்டன.

மனிதக் கண்ணால் இப்பொறுப்பைச் சுமக்க முடியுமா? சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஆளுக்கு 120 நொட் வேகத்தில் இரு செஸ்னாக்கள் நேருக்கு நேர் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கிடையிலான தூரம் செக்கனுக்கு 120 மீற்றருக்கு மேலாகக் குறைகிறது. ஒரு பொருளைக் கண்டு, அது விமானமென உணர்ந்து, மோதும் பாதையில் வருகிறதெனப் புரிந்து, முடிவெடுத்து, சுக்கானைத் திருப்பி, விமானம் உண்மையில் திரும்பத் தொடங்குவதற்கு 12.5 செக்கன்கள் தேவை என்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி கூறுகிறது. அதற்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் கரைந்துவிடும். அந்தத் தொலைவில் மற்றைய செஸ்னாவின் இறக்கைகள் இரண்டும் சேர்ந்து, நாம் கையை நீட்டிப் பிடித்த நெல்மணி ஒன்றின் நீளத்துக்குக்கூட வாரா. அந்த நெல்மணியை அதற்கு முன்பே கண்டிருந்தால்தான் உயிர் தப்பலாம்.

இதனிலும் கொடியது இன்னொன்று. மோதும் பாதையிலுள்ள விமானம் நமது கண்ணாடியில் நகர்வதில்லை. நகர்ந்து செல்லும் விமானம் நமக்கு முன்னாலோ பின்னாலோ கடந்து போய்விடும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் புள்ளிதான் நம்மை நோக்கி வருவது. கடலோடிகள் நீண்ட காலமாக அறிந்த உண்மை இது: திசை மாறாமல் தூரம் மட்டும் குறையும் கப்பலே மோதும் கப்பல். ஆனால் மனிதக் கண் அசைவைக் கண்டு விழிப்பது. அசையாததை அது கவனியாது விட்டுவிடும். எனவே எந்த விமானம் நமக்கு ஆபத்தோ, அதுவே நமது கண்ணுக்கு மிகவும் தப்பும் விமானமாகிறது. நெடுநேரம் புள்ளியாகவே நின்று, கடைசிச் சில செக்கன்களில் திடீரென விரிந்து கண்ணாடியை நிறைத்துவிடும். அந்தப் புள்ளி கண்ணாடிச் சட்டத்தின் பின்னே மறைந்திருந்தால், விமானி தலையை அசைத்துப் பார்க்காதவரை அது மறைந்தேதான் இருக்கும்.

கண்டுவிட்டாற்கூடப் போதாது. 1978 செப்டெம்பர் 25 அன்று சான்டியாகோ நகரின் மேலே போயிங் 727 விமானமொன்றும் செஸ்னா 172 ஒன்றும் மோதி, தரையிலிருந்தோர் உட்பட 144 பேர் இறந்தனர். செஸ்னா பற்றிப் பெரிய விமானத்தின் விமானிகள் எச்சரிக்கப்பட்டிருந்தனர். கண்டுவிட்டோம் என்று பதிலும் கூறியிருந்தனர். பின்னர் அதைப் பார்வையிலிருந்து தவறவிட்டனர். 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதி 67 பேர் மாண்டபோதும் கதை ஏறத்தாழ அதுவே. விமானம் தமக்குத் தெரிகிறது என்றும், பார்த்து விலகும் பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும் ஹெலிகொப்டரில் இருந்தோர் அறிவித்திருந்தனர். இரண்டு விபத்துகளுக்கும் இடையே நாற்பத்தாறு ஆண்டுகள். பயிற்சி பெற்ற தொழில்முறை விமானிகளுக்கே இந்நிலை என்றால், வார இறுதியில் மட்டும் பறப்பவரின் கண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஆகவே, ‘பார், விலகு’ என்ற விதி நடைமுறையில் விபத்தைத் தடுப்பதைவிட, விபத்து நடந்த பின் பழியைப் பங்கிடவே அதிகம் பயன்படுகிறது என்பது எனது கருத்து. இறந்தவர் பார்க்கத் தவறினார் என்று எழுதிக் கோவையை மூடிவிடலாம். பார்த்திருக்க முடியுமா என்ற கேள்வி பின்தள்ளப்பட்டுவிடும்.

பார்ப்பது மட்டும் விமானியின் கடமையாகாது. பிறர் கண்ணுக்குத் தெரியும்படியும், பிறர் எதிர்பார்க்கும்படியும் பறப்பது அதற்குச் சமமான கடமை. இதற்குரிய ஒழுங்குகள் புதியவை அல்ல. வானைப் பத்துப் பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு செக்கனாவது கண்ணை நிறுத்திப் பார்க்க வேண்டும். விரைவாகக் கண்ணைச் சுழற்றினால் எதுவும் புலப்படாது. மேலேறும்போது இடமும் வலமுமாகச் சற்றுத் திரும்பி, முன்மூக்கு மறைக்கும் பகுதியைப் பார்க்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேலே, கிழக்கு நோக்கிச் செல்வோர் ஒற்றை ஆயிரத்துடன் 500 அடியும், மேற்கு நோக்கிச் செல்வோர் இரட்டை ஆயிரத்துடன் 500 அடியும் கொண்ட உயரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். தளத்தை நெருங்கும்போது பத்து மைலுக்கு அப்பாலிருந்தே வானொலியில் தமது இடத்தையும் நோக்கத்தையும் அறிவிக்க வேண்டும். விளக்குகள் பகலிலும் எரிய வேண்டும்.

ஆனால் அறிவித்துவிட்டால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. 2022 ஓகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவின் வட்சன்வில் நகரில், கோபுரமில்லாத விமானத்தளமொன்றில், இரட்டை இயந்திரச் செஸ்னா 340 ஒன்றும் சிறிய செஸ்னா 152 ஒன்றும் மோதி மூவர் இறந்தனர். இருவரும் வானொலியிற் பேசிக்கொண்டுதான் இருந்தனர். சிறிய விமானம் தளத்தைச் சுற்றி வழமையான வட்டப்பாதையில் வந்தது. பெரியதோ நேர்கோட்டில், தரையிறங்குவதற்குப் பொருந்தாத மிகை வேகத்தில் பின்னாலிருந்து வந்தது. குறுகலான கிராமப் பாதையில் ஒலிப்பானை அடித்துக்கொண்டே வேகத்தைக் குறைக்காமல் வரும் பஸ்வண்டியை நாமும் அறிவோம். ஒலி எழுப்பியது உண்மைதான். ஒதுங்க அவகாசம் கொடுத்தாரா என்பதே கேள்வி.

ஒழுங்குக்கு அடுத்தது கருவி. 1986 ஓகஸ்ட் 31 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிற்றோஸ் என்னுமிடத்தில், அனுமதியின்றித் தடைவலயத்துக்குள் தவறுதலாக நுழைந்துவிட்ட சிறிய பைப்பர் விமானமொன்று, ஏரோமெக்சிகோவின் டிசி-9 விமானத்தின் வாலில் மோதியது. பைப்பரில் உயரத்தை ராடருக்கு அறிவிக்கும் கருவி இருக்கவில்லை. டிசி-9 இல் 64 பேரும் பைப்பரில் மூவரும் இறந்தனர். தரையிலே, ஞாயிற்றுக்கிழமை தம் வீடுகளில் இருந்த 15 பேரும் இறந்தனர். இந்தப் பதினைந்து பேரும் விமானச்சீட்டு வாங்கியவர்கள் அல்லர். விமானம் ஓட்டும் ஆசை கொண்டவர்களும் அல்லர். சிறு விமானம் வைத்திருப்பவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இவர்களையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அவ்விபத்தின் பின்னரே, பெரிய விமானநிலையங்களைச் சூழ 30 கடல்மைல் வட்டத்துள் உயரத்தை அறிவிக்கும் கருவி கட்டாயமாயிற்று. பெரிய பயணிகள் விமானங்களுக்கு மோதலைத் தவிர்க்கும் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமாயிற்று. 2020 ஜனவரி 1 முதல், தமது இடத்தையும் உயரத்தையும் செய்மதியின் துணையோடு கணித்து ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. கருவி, அமெரிக்காவின் கட்டுப்படுத்தப்பட்ட வான்பரப்பின் பெரும்பகுதியில் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பிறர் ஒலிபரப்புவதைப் பெற்றுக் காட்டும் பகுதியைப் பொருத்துமாறு அந்த விதி கோரவில்லை. தன் பெயரை உரத்துச் சொல்லச் சட்டமுண்டு. அடுத்தவர் சொல்வதைக் கேட்கச் சட்டமில்லை. பரந்த நாட்டுப்புற வானில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கருவி வந்தால் விமானியின் கண் திரையிலேயே ஒட்டிக்கொள்ளும் என்போர் உளர். இதில் உண்மை உண்டு. 2009 ஓகஸ்ட் 8 அன்று நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றின் மேலே பைப்பர் விமானமும் சுற்றுலா ஹெலிகொப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்தபோது, இரண்டிலும் போக்குவரத்தைக் காட்டும் வசதி இருந்தது. அது உரியவாறு பயன்படுத்தப்படவில்லை. 2019 மே 13 அன்று அலாஸ்காவின் கெச்சிகன் அருகே இரு மிதவை விமானங்கள் மோதி ஆறு பேர் இறந்தபோதும், இரண்டின் திரைகளிலிருந்தும் எச்சரிக்கை எதுவும் எழவில்லை. ஆனால் இவ்விபத்துகள் கருவி வேண்டாம் என்பதற்குச் சான்றல்ல. விமானியின் காதில் உரத்து எச்சரிக்கும் கருவி வேண்டும், அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பதற்கே சான்று.

செலவு என்ற வாதம் முன்பு வலுவுடையதாக இருந்தது. இன்று கையடக்கமான பெறுகருவிகள் சில நூறு டொலர்களுக்குக் கிடைக்கின்றன. விமானமொன்றை வைத்துப் பராமரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல. இன்னொரு முறைப்பாடு நியாயமானது: பாதுகாப்புக்கென ஒலிபரப்பும் தகவலை எடுத்து, தரையிறங்கும் கட்டணம் அறவிடச் சில விமானத்தளங்கள் பயன்படுத்துகின்றன. உயிர் காக்கத் தரும் தகவல் பற்றுச்சீட்டாக வீட்டுக்குத் திரும்பி வந்தால், எவருக்கும் கருவியை அணைத்துவிடத் தோன்றும். அத்தகவலைப் பாதுகாப்புக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று அரசு சட்டமியற்றட்டும். அதன்பின், வானில் ஏறும் ஒவ்வொரு விமானமும் தன்னைத் தெரிவிக்கவும் பிறரை அறியவும் வேண்டும் என்று விதிக்க எந்தத் தடையும் இருக்கலாகாது. மின்சார வசதியற்ற பழைய விமானங்களுக்கும் மின்கலத்தில் இயங்கும் எளிய கருவிகளை அனுமதிக்கலாம்.

புலம்பெயர் நாடுகளில் நம்மவரின் பிள்ளைகளும் விமானம் ஓட்டப் பயில்கிறார்கள். அவர்களைப் பறக்க வேண்டாம் எனத் தடுப்பது என் நோக்கமன்று. பயிற்சிப் பள்ளியைத் தெரிவு செய்யும் பெற்றோர், கட்டணத்தையும் பறக்கும் மணித்தியாலங்களையும் மட்டும் விசாரித்துத் திரும்பிவிடக் கூடாது. உங்கள் விமானங்களில் பிற விமானங்களைக் காட்டும் கருவி உண்டா, அது குரலெழுப்பி எச்சரிக்குமா, வட்டப்பாதையில் ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்களை அனுமதிக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியை விட்டு வேறொன்றைத் தேடலாம்.