பரிவட்டம் யாருக்கு?

திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேர். சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பெருவிழா. இராசிபுரத்தில் ஐப்பசித் திருவிழா. சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் திருவிழாக்களுக்குக் குறைவில்லை. ஆனால் விழா நெருங்கும்போது பல கிராமங்களில் பக்தியைவிட முந்திக்கொண்டு ஒரு கேள்வி எழுகிறது: பரிவட்டம் யாருக்கு? இதற்கு விடை காணாமல் தேர் நின்றுபோன ஊர்களும், கோயில் பூட்டப்பட்ட ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. சில முழத் துணிக்காக ஊர் இரண்டுபடுவது நமக்குப் பெருமையாகுமா?

நெய்த துணியைத் தலைமைக்கு அடையாளமாகக் கொள்வது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அஸ்ஸாமின் கார்பி மக்களிடத்தும் தலைப்பாகை தலைமையின் சின்னமாக விளங்குகிறது. நமது கொங்கு நாட்டுக் கலியாணத்தில் மணமகனுக்கு உருமால் கட்டுவது ஒரு சீர். குடும்ப பாரம் ஏறப்போகும் தலைக்கு அது தக்க அணியே. பரிவட்டமோ இறைவன் சந்நிதியிலிருந்து வரும் பிரசாதம். பிரசாதத்தைக் கைகூப்பிப் பெறலாமேயன்றி, வழக்காடி வாங்கலாமா?

இதன் மறுபுறத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் தலையில் மேளதாளத்தோடு துணி கட்டிய அதே ஊர்களில், வெயிலுக்குத் தலையில் துண்டு சுற்றிய உழைப்பாளி, ‘பெரிய மனிதர்’ எதிரே வந்தால் அதனை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டுமென்ற கொடிய வழக்கமும் இருந்தது. கட்டும் உரிமை ஒருவருக்கு, அவிழ்க்கும் கடமை மற்றவருக்கு என்றால், அது மரியாதையன்று, அடிமைத்தனத்தின் முத்திரை. 1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. துணியின் பெயரால் அது மீண்டும் தலையெடுக்க இடங்கொடுக்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஓர் உத்தியோகத்தோடு இணையாத வெறும் மரியாதை, சிவில் நீதிமன்றத்தில் நிலைநாட்டத்தக்க உரிமையன்று என்பது வக்கீல்கள் நன்கறிந்த கொள்கை. எனினும், கோயில் மரியாதை பற்றிய தகராறுகளை விசாரிக்க 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம், 63-ஆவது பிரிவில் இடம் வைத்திருக்கிறது. அவ்வழியே நடந்து பணத்தையும் காலத்தையும் இழப்போர் எத்தனை பேர்! தலைமையைத் தீர்ப்பு நகலால் நிரூபிக்க வேண்டியிருப்பின், அத்தலைமை எத்தகையது?

மெய்யான தலைமைக்கு இச்சான்று வேண்டியதில்லை. சேலத்து வக்கீல் விஜயராகவாச்சாரியாரை 1920-ல் நாகபுரிக் காங்கிரஸ் அக்கிராசனராக்கியது எந்தக் கோயில் மரியாதையும் அன்று, அவரது தேசத்தொண்டே. காந்தியடிகள் 1921 செப்டம்பரில் மதுரையில் தொப்பியையும் மேற்சட்டையையும் களைந்தார். வெறுந்தலையோடு நின்ற அவரைத் தேசம் முன்னிலும் உயர்வாகப் போற்றிற்று.

பரிவட்டத்தை ஒழிக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. பரம்பரைப் பாத்தியதையை ஒழிக்க வேண்டுமென்பதே நம் வாதம். அம்மாபேட்டையிலும் இராசிபுரத்திலும் தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுதும் நெய்கிறவன் தலையில் அத்துணி ஒருமுறையேனும் ஏறியதுண்டா? தேருக்குக் கட்டை போடுகிறவனுக்கு? வீதியைப் பெருக்கும் சகோதரிக்கு? ஆண்டுதோறும் ஊருக்கு உழைத்த ஒருவரை ஊரார் கூடித் தேர்ந்து, சாதி பாராமல் அவருக்குக் கட்டட்டும். உடன்பாடு ஏற்படாத ஆண்டில் இறைவனுக்கே சாத்திவிடட்டும்.

இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம். ‘எனக்கு வேண்டாம், அவருக்குக் கட்டுங்கள்’ என்று சொல்லும் ஒரு பெரியவர் ஒவ்வோர் ஊரிலும் முன்வந்தால் போதும். அவரே அவ்வூரின் தலைவர்.