அவ்வையின் கேலியும் ஸ்பைடரின் தற்பெருமையும்

தன்னைவிடப் பெரிய குற்றவாளி உலகில் இல்லை என்று தானே பறைசாற்றிக்கொண்டு வருகிறவன் ஸ்பைடர். 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்த இவனை, 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கூட்டிவந்தது. பின்னாளில் இவன் குற்றவாளிகளை எதிர்த்துக் கிளம்புவது மனம் திருந்தியல்ல. தன் திறமைக்கு அதுதான் சரியான சவால் என்ற கர்வத்தால். உதவியாளர்கள் பெல்ஹாமும் ஆர்டினியும் அந்தக் கர்வத்துக்கு வாய்த்த வாசகர்கள் போலவே கூட வருகிறார்கள். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் இவன் கதைகளில் பலவற்றை எழுதினார். குறையே இல்லாத ஒரு நாயகனைப் படைத்த கை, தற்பெருமை மூட்டை ஒன்றையும் எழுதிப் பார்த்திருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவியும் சிரிக்க இடம் தருகிறவர்தான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார், இரும்புக்கை மட்டும் மறையாது. நம் ஊர் மின்வெட்டில் அவர் பாடு என்ன ஆகியிருக்கும் என்று வாசகன் சிரிக்க, கதையிலேயே இடம் இருக்கிறது. இந்த இடம்தான் பழைய காமிக்ஸின் பெரிய பலம் என்பது என் வாதம்.

இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு, தருமபுரிப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கலாம். சரக்கு வெளியூர்தான்; சுவை உள்ளூர். இதே தருமபுரி தகடூராக இருந்தபோது, அதை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை, அவன் பெருமையாகக் காட்டிய படைக்கலக் கொட்டிலில் என்ன செய்தார்? உங்கள் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு பளபளக்கின்றன; எங்கள் தலைவனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. எதிரியைக் கேலி செய்வது எளிது, சொந்தத் தலைவனை அவர் கேலி செய்யவில்லையே என்பார்கள். பாதி உண்மை. ஆனால் தன் தலைவனின் பெருமையை உடைந்த வேலைக் காட்டிச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. பொன்முலாம் பூசாமலே வீரம் நிற்கும் என்ற நம்பிக்கை அது. படமும் எழுத்தும் சேர்ந்து கதை சொல்வதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களில் வில்லும் வாளுமாக நிற்கும் வீரனின் கதையைத் தலைக்கு மேல் வெட்டிய சில வரிகள் சொல்லிவிடுகின்றன. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூர் நடுகல்லில், வீரனோடு அவன் நாய் கோவிவனுக்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள்.

நாயகனைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிள்ளை யாரையும் மதிக்காது என்ற கவலைதான் கனமானது. கட் அவுட்டுக்குப் பால் ஊற்றும் நாட்டில் எனக்கு அதற்கு நேர்மாறான கவலை. மதிப்பதும் மண்டியிடுவதும் வேறு வேறு என்று பத்து வயதில் தெரிந்துகொள்ள, தம்பட்டம் அடிக்கும் ஸ்பைடர் நல்ல ஆசான். குற்றவாளி கதாநாயகனானால் குற்றம் இனிக்காதா என்றால், ஸ்பைடரைப் படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது திருட்டல்ல, அவன் வாய்ச்சவடால். பொம்மைப் புத்தகம் படிப்பாகாது என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழக மாவட்டங்களில் இதுவே கடைசி. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு, வாக்கியம் புரியாத இடத்தில் படம் கை கொடுக்கும். படம் சொல்லாததைத் தேடி அது வாக்கியத்துக்குத் திரும்பும். பழைய மொழிபெயர்ப்புகளின் நடை அங்கங்கே விறைப்பாக இருக்கும், மறுக்கவில்லை. பாடநூல் நடையைவிட மோசமில்லை.

லயன், முத்து மறுபதிப்புகள் இப்போதும் சிவகாசியிலிருந்து வருகின்றன. மாவட்ட மைய நூலகமும் ஊர்ப்புற நூலகங்களும் அவற்றுக்கு ஆளுக்கொரு தட்டு ஒதுக்கட்டும். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில்.